வரிசை முடியட்டும், வெள்ளை அப்புறம்

அலைனர் மாட்டிய இரண்டாவது மாதமோ மூன்றாவது மாதமோ அந்தக் கேள்வி வந்துவிடும். "டாக்டர், எப்படியும் நாள் பூரா இதை மாட்டிக்கிட்டுத்தானே இருக்கேன்? அந்த வெள்ளையாக்குற ஜெல்லையும் உள்ள விட்டுக்கிட்டா ரெண்டு வேலையும் ஒண்ணா முடிஞ்சிடுமில்ல?" கேட்பது அநேகமாக, வாரமெல்லாம் பெங்களூரு, சனி ஞாயிறு சேலம் என்று ஓடும் பிள்ளைகள். பல்லுக்குக் க்ளிப் போட வெட்கப்பட்டு, வெளியே தெரியாத பிளாஸ்டிக் உறையைத் தேர்ந்தெடுத்தவர்கள். கணக்குப் பார்த்துத்தான் கேட்கிறார்கள். கேள்வியில் தப்பே இல்லை. பல்லை வெளுக்க வைக்கும் இந்த வைத்தியம் பிறந்ததே, பல் வரிசைக்காக மாட்டிய ஓர் உறைக்குள்தான்.

அமெரிக்காவில் ஹெச். டி. கெஸ்லிங் என்ற பல் சீரமைப்பு மருத்துவர் 1945-இல் ஒரு கருவியைப் பற்றி எழுதினார். பிளாஸ்டர் அச்சில் இருக்கும் பற்களை ஒவ்வொன்றாக அறுத்தெடுத்து, மெழுகில் சரியான வரிசைக்கு நட்டு, அதன் மேல் ரப்பரில் ஓர் உறை வார்ப்பது. நோயாளி அதைக் கடித்துக்கொண்டிருந்தால் பல் மெல்ல அந்த இடத்துக்கு நகரும். பொசிஷனர் என்று பெயர். இப்படி அடுத்தடுத்துப் பல உறைகள் செய்தால் பெரிய நகர்வுகளையும் முடிக்கலாம் என்று அவர் அப்போதே யோசித்திருந்தார். ஒவ்வொரு உறைக்கும் அறுத்து, நட்டு, வார்க்க எந்த மருத்துவருக்கு நேரம் இருந்திருக்கும்?

1960-களின் கடைசியில் ஆர்கன்சா மாநிலத்து ஃபோர்ட் ஸ்மித் ஊரில் பில் க்ளூஸ்மியர் என்ற மருத்துவர், க்ளிப் கழற்றியபின் ஈறு வீங்கியிருந்த நோயாளிகளிடம், ராத்திரி பொசிஷனருக்குள் க்ளை-ஆக்சைடு என்ற வாய்ப்புண் மருந்தை விட்டுக்கொண்டு தூங்கச் சொன்னார். அதில் இருந்தது 10 சதவீத கார்பமைட் பெராக்சைடு. ஈறு ஆறியது, பல்லும் வெளுத்திருந்தது. மருத்துவர்கள் கூடும் இடங்களில் அவர் இதைச் சொல்லிக்கொண்டே இருந்தார். வாய்வழியாகவே பரவிய இந்தச் சங்கதியை 1989-இல் வட கரோலினா பல்கலைக்கழகத்தின் ஹேவுட், ஹேமன் இருவரும் ஆய்விதழில் எழுதினார்கள். அதையொட்டியே அது கடைக்கும் வந்தது. 1997-இல் தொடங்கிய அலைன் டெக்னாலஜி நிறுவனம் கெஸ்லிங்கின் மெழுகு வேலையைக் கணினிக்குக் கொடுத்து இன்விசலைன் என்று கொண்டுவந்தது. ஆக, ஜெல்லும் அலைனரும் ஒரே தாத்தாவின் பேரப்பிள்ளைகள்.

இவ்வளவும் தெரிந்தும், அந்தப் பிள்ளைகளிடம் நான் சொல்வது "இப்போ வேண்டாம்" என்றுதான். முடியாது என்பதற்காக இல்லை. முடியும். சில மருத்துவர்கள் செய்கிறார்கள், பல்லும் வெளுக்கத்தான் செய்கிறது. ஆனால் க்ளூஸ்மியர் ஜெல் விடச் சொன்னது சிகிச்சை முடிந்தவர்களிடம். அவர்களுடைய பல்லின் மேல் எதுவும் ஒட்டியிருக்கவில்லை.

அலைனர் போட்டவர் சிரித்தால் உற்றுப் பார்ப்பவர்களுக்கு மட்டும் தெரியும்: முன்பல், கோரைப்பல் மேலெல்லாம் அரிசி மணி போல, சில இடத்தில் பயறு போலச் சின்னச் சின்ன மேடுகள். அட்டாச்மென்ட் என்போம். வழவழப்பான பல்லை வழவழப்பான பிளாஸ்டிக் பிடித்துத் திருக முடியாது; பிடிமானத்துக்காகப் பல்லின் நிறத்திலேயே கம்போசிட் வைத்து ஒட்டுகிறோம். பல்லை அடைக்கும் அதே பொருள். அது ஜெல்லுக்கு வெளுக்காது. சுற்றிலும் பல் வெளுக்க வெளுக்க, அந்த மேடு மட்டும் பழைய நிறத்தில் நின்று, அதுவரை யாருக்கும் தெரியாமல் இருந்தது எல்லாருக்கும் தெரிய ஆரம்பிக்கும். அட்டாச்மென்ட்டுக்கு அடியில் உள்ள பல்லும் ஓரளவு வெளுக்கும் என்பது உண்மை; பெராக்சைடு மேலோட்டமாக நிற்பதில்லை, பல்லுக்குள் பக்கவாட்டிலும் ஊறும். ஆனாலும் நடுவில் ஒன்று கழன்று விழுந்தால்? அடிக்கடி விழும். ஜெல் வைத்த பல்லில் ஆக்சிஜன் தங்கியிருக்கும், அது கம்போசிட்டை இறுக விடாது. திரும்ப ஒட்ட இரண்டு வாரம் பொறுக்க வேண்டும். இரண்டு வாரம் பிடிமானம் இல்லாமல் அந்தப் பல் மட்டும் பின்தங்கிவிட்டால், அதற்கு மேல் வரும் எந்த உறையும், அதாவது எந்த ட்ரேயும், சரியாக உட்காராது.

உறையின் விளிம்பும் ஒரு காரணம். சில கம்பெனி அலைனர்கள் பல்லும் ஈறும் சேருமிடத்தோடு நிற்காமல் நேர்க்கோடாக ஈறின் மேல் கொஞ்சம் ஏறி நிற்கும். பிடிப்புக்கு அது நல்லது. ஜெல்லுக்கு நல்லதல்ல. பல்லோடு இறுக்கமாக உட்காரும் உறைக்குள் ஜெல்லுக்கு இடம் கிடையாது. பிதுங்கி ஈறின் மேல் ஏறி அங்கேயே அடைபட்டுக் கிடக்கும். காலையில் ஈறு விளிம்பு சுண்ணாம்பு பட்ட மாதிரி வெளுத்து எரியும். ஓரிரு நாளில் ஆறிவிடும் என்றாலும், போனில் போட்டோ அனுப்பிக் கேட்பவருக்கு அதைச் சொல்லிப் புரியவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

பல் கூச்சம் வேறு. ஒவ்வொரு புது ட்ரேயும் பல்லைக் கால் மில்லிமீட்டர் அளவுக்குத் தள்ளும். முதல் இரண்டு நாள் பல் நோவது வழக்கம். இடம் பண்ணுவதற்காகப் பல் இடுக்கில் லேசாகத் தேய்த்திருந்தால் இன்னும் கொஞ்சம். அதன் மேல் ஜெல்லின் கூச்சமும் சேர்ந்தால் நோயாளி என்ன செய்வார்? அலைனரைக் கழற்றி டப்பாவில் வைத்துவிடுவார். 20 மணி நேரத்திலிருந்து 22 மணி நேரம் வரை இருக்க வேண்டியது 12 மணி நேரமாகும். ஜெல்லினால் கெட்டுப்போன சிகிச்சைகள் என்று நான் பார்த்தவை இப்படிக் கழற்றி வைத்ததால் கெட்டவைதான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், இதை யாரும் எதிர்பார்ப்பதில்லை. மஞ்சள் என்று வருகிறவர்களில் பலருக்குப் பாதி மஞ்சள் நிழல்தான். உள்பக்கம் சாய்ந்த பல்லில் வெளிச்சம் விழாது. தெத்துப்பல்லுக்குப் பின்னால் ஒளிந்த பல்லுக்கு எப்போதும் இருட்டு. அந்த இடுக்கில் பிரஷ் போகாததால் காரையும் டீக்கறையும் வருடக்கணக்கில் படிந்திருக்கும். பல் வரிசைக்கு வந்ததும் மறைந்திருந்த பக்கம் வெளியே வரும். ஒரு ஸ்கேலிங் செய்து பாலிஷ் பண்ணிக் கண்ணாடியைக் கையில் கொடுத்தால், "டாக்டரம்மா, ஜெல் வேண்டாம்னு தோணுதுங்க" என்று போனவர்கள் உண்டு. சுத்தம் செய்தால் பல் ஆடும் என்று பயந்து ஸ்கேலிங்கைத் தள்ளிப்போடுபவர்கள்தான் ஜெல்லுக்கு முதலில் நிற்கிறார்கள் என்பது எனக்கு இன்னும் விளங்காத ஒன்று.

சிகிச்சை நடக்கும்போது நிறத்துக்காகச் செய்ய வேண்டியது ஒன்றுண்டு. அது புதிதாகக் கறை ஏற்றாமல் இருப்பது. சாப்பாட்டு மேசையில் அலைனரைக் கழற்றுவார்கள். ஆபீஸ் டீக்குக் கழற்ற மாட்டார்கள். சூடான டீ உறையைக் கோணவைக்கும், மஞ்சளாக்கும், அதைவிட மோசமாகச் சர்க்கரையை எச்சில் கழுவ முடியாமல் பல்லோடு பூட்டி வைக்கும். சில மாதத்தில் அட்டாச்மென்ட்டைச் சுற்றிச் சுண்ணாம்புத் திட்டுகள் வரும். அது சொத்தையின் ஆரம்பம். எந்த ஜெல்லும் அதைத் தீர்க்காது. உறை உள்ளே இருக்கும்போது பச்சைத் தண்ணீர் மட்டும்தான். நம்மூர்ச் சாப்பாட்டில் அட்டாச்மென்ட்டைப் பிடிப்பது மஞ்சள்தூள். சேலத்தில் பீட்ரூட் துருவிப் போட்ட தட்டுவடை செட்டும் சேர்ந்துகொள்ளும். சாப்பிட்டதும் வாயைக் கொப்பளித்து, பல் தேய்த்துவிட்டு மாட்டினால் போதும். கொப்பளிக்காமல் மாட்டினால் சாம்பாரை உள்ளே வைத்து மூடின கதைதான். அலைனர் மஞ்சளாகிவிட்டால் பதற வேண்டாம், ஒன்றிரண்டு வாரத்தில் அடுத்தது வந்துவிடும். அதைக் கொதிதண்ணீரில் போடுவதுதான் தப்பு, வடிவம் போய்விடும்.

கடைசி ட்ரே முடிந்து, அட்டாச்மென்ட்டைத் தேய்த்து எடுத்து, பாலிஷ் செய்த பிறகு ஜெல்லுக்கு முறை வருகிறது. அன்றைக்கு நான் முதலில் செய்வது நாற்காலி விளக்கை அணைப்பது. அந்த விளக்கின் மஞ்சளில் எல்லாப் பல்லும் பொய் சொல்லும். நோயாளியை ஜன்னல் பக்கம் திருப்பி, லிப்ஸ்டிக் இருந்தால் துடைக்கச் சொல்லி, சிவப்புத் துப்பட்டாவோ மஞ்சள் புடவையோ என்றால் மேலே சாம்பல் நிறத் துணியைப் போர்த்திவிடுவேன். பிறகு ஷேடு கைடு. ஜெர்மனியின் வீட்டா கம்பெனி செய்தது, வரிசையாய் 16 பீங்கான் பற்கள், ஒவ்வொன்றுக்கும் ஓர் எழுத்தும் எண்ணும். வெளிச்சம் குறையும் வரிசையில் அடுக்கினால் பி1-இல் தொடங்கி சி4-இல் முடியும். அதிலிருந்து ஒன்றை எடுத்து முன்பல்லின் நுனிக்கு நுனி பிடித்துப் பார்க்க வேண்டும். சில நொடிக்கு மேல் பார்த்தால் கண் பழகி ஏமாற்றும். நடுவே சாம்பல் அட்டையைப் பார்த்துக் கண்ணைத் தெளிவாக்கிக்கொண்டு திரும்பவும் பார்ப்பேன். இதெல்லாம் பல் ஈரமாக இருக்கும்போதே நடக்க வேண்டும். கொஞ்ச நேரம் வாய் திறந்து காய்ந்த பல், ஒன்றுமே செய்யாமல் இரண்டு மூன்று படி வெள்ளையாகத் தெரியும். நீல விளக்கைப் போட்டு ஒரு மணி நேரத்தில் பளிச்சாக்கித் தருகிற அதிசயத்தில் ஒரு பங்கு பல் இப்படிக் காய்வதுதான். இரண்டு நாளில் எச்சில் ஊறியதும் இறங்கிவிடும். விளக்கைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

பார்த்த ஷேடையும் பல்லையும் சேர்த்துப் போட்டோ எடுத்து நோயாளிக்கே அனுப்பிவிடுவேன். ஏனென்றால் இரண்டு வாரம் கழித்து எல்லாருமே, "ஒண்ணும் மாறலையே" என்றுதான் சொல்வார்கள். தினமும் கண்ணாடியில் பார்ப்பவருக்கு மாற்றம் தெரியாது. போட்டோவைக் காட்டிய பிறகுதான் சிரிப்பார்கள்.

கோரைப்பல்லைத் தனியாகக் காட்டிச் சொல்லிவிடுவேன்: இது பக்கத்துப் பல்லைவிட மஞ்சளாகத்தான் இருக்கும், பிறவியிலேயே. பல்லின் நிறம் எனாமலில் அதிகம் இல்லை. எனாமல் பாதி கண்ணாடி மாதிரி. உள்ளே இருக்கும் மஞ்சள் டென்டின்தான் அதன் வழியே தெரிகிறது. கோரைப்பல்லில் டென்டின் தடிமன். வயதானால் எனாமல் தேய்ந்து டென்டின் கனப்பதால் எல்லாப் பல்லும் மஞ்சளாகும். உமிக்கரி, செங்கல் பொடி, இப்போது பாக்கெட்டில் வரும் கரிப்பொடி என்று தேய்த்துத் தள்ளுகிறவர்கள் வெள்ளையை உரசி எடுத்து மஞ்சளை வெளியே கொண்டுவருகிறார்கள். பெராக்சைடு உரசுவதில்லை. உள்ளே ஊறிப் போய் நிறமுள்ள பெரிய மூலக்கூறுகளை உடைக்கிறது, அவ்வளவுதான்.

ஜெல்லை விட எந்த உறை? புதிதாக ஒன்றும் வேண்டாம். சிகிச்சை முடிந்ததும் பல் திரும்பிப் போகாமல் இருக்க மாட்டும் ரீடெய்னரே போதும். அதன் விளிம்பை ஈறு வளைவோடு வெட்டித் தந்துவிடுவேன். 10 சதவீத கார்பமைட் பெராக்சைடு, உடைந்தால் சுமார் 3.5 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடும் மீதி யூரியாவும். இரண்டு மணி நேரம் கழித்தும் அதன் வீரியத்தில் பாதிக்கு மேல் மிஞ்சியிருக்கும், அதனால்தான் ராத்திரி வைத்துக்கொண்டு தூங்கச் சொல்கிறோம். ஒவ்வொரு பல்லுக்கும் உறையின் முன்பக்கச் சுவரில் ஓர் அரிசி மணி. அதற்கு மேல் விட்டால் ஈறுக்குத்தான் போகும். கூச்சம் வந்தால் பொட்டாசியம் நைட்ரேட் உள்ள பேஸ்ட்டை அதே உறையில் தடவிக் கால் மணி நேரம் மாட்டிவிட்டு ஒரு ராத்திரி விட்டு ஒரு ராத்திரி ஜெல் வைக்கலாம். சித்திரை வெயிலில் ஸ்கூட்டர் பெட்டிக்குள் ஜெல்லை வைத்துவிட்டு ஊர் சுற்றினால் பெராக்சைடு வீணாகும். குளிர்சாதனப் பெட்டியில் குழந்தைகள் கைக்கு எட்டாத தட்டில் இருக்கட்டும். கர்ப்பிணிகளுக்கும் பால் கொடுப்பவர்களுக்கும் நான் தருவதில்லை. ஐரோப்பாவில் 18 வயதுக்குக் கீழே தடையே உண்டு, அங்கே 6 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடுதான் உச்சவரம்பு. நானும் பள்ளிப் பிள்ளைகளைப் பொறுக்கச் சொல்லிவிடுவேன். ஒரே ஒரு பல் மட்டும் கறுத்திருந்தால் ஜெல்லுக்கு முன்னால் எக்ஸ்ரே. எப்போதோ அடிபட்டுச் செத்த பல்லாக இருக்கும். அதற்கு வேர் சிகிச்சை செய்து உள்ளிருந்து வெளுக்க வைக்கிற வழி தனி.

இந்தப் பக்கத்து மருத்துவர்கள் எல்லாருக்கும் தெரிந்த ஒரு பல் உண்டு. தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் குடித்து வளர்ந்தவரின் பல். முன்பல்லின் குறுக்கே பழுப்புப் பட்டை, அதைச் சுற்றி மேகம் மாதிரி வெள்ளைத் திட்டு. தண்ணீரில் ஃப்ளோரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. அந்த மாவட்டங்களில் பல ஊர்களில் தாண்டியது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் காவிரித் தண்ணீர் 2013 முதல் அங்கே போகிறது. ஆனால் முன்பல்லின் எனாமல் உருவாவது பிறந்த முதல் சில வருடங்களுக்குள். அந்தத் தண்ணீர் வருவதற்கு முன்னால் குழந்தையாக இருந்தவர்கள்தான் இப்போது கல்யாண வயதில் என் நாற்காலியில் உட்காருகிறார்கள். அப்படி வந்த ஒரு பையனின் அம்மா, "நாங்க பல்லே விளக்க மாட்டோம்னு நெனைச்சுக்குறாங்க கண்ணு, எல்லாம் அந்தப் போர் தண்ணிதான்" என்றார். அந்த ஒரு வாக்கியத்தில் எத்தனை பேரின் பேச்சு இருக்கிறது.

அந்தப் பையனுக்கு வரிசையும் கோணல், நிறமும் கோணல். ஃப்ளோரைடு ஏறிய எனாமல் ஆசிடுக்குச் சுலபத்தில் இளகாது, அதனால் அட்டாச்மென்ட் பிடிக்காது. மற்றவர்களைவிட நேரம் கூட்டி ஆசிட் வைத்தும் அவனுக்கு அடிக்கடி கழன்று வந்தது. நடுவில் ஜெல்லும் வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்கவே வேண்டாம். வரிசை முடிந்து ஜெல் கொடுத்தபோது முன்கூட்டியே எச்சரித்தேன்: முதல் வாரம் வெள்ளைத் திட்டு இன்னும் வெள்ளையாகத் தெரியும், பயந்து நிறுத்திவிடாதே. எச்சரித்தும் நாலாம் நாள் போன். "மேடம், திட்டு ஜாஸ்தி ஆயிடுச்சு." தொடரச் சொன்னேன். மற்றப் பல்லும் வெளுத்துத் திட்டை எட்டிப் பிடித்தபோது வித்தியாசம் குறைந்தது. பழுப்புப் பட்டை கிட்டத்தட்டப் போய்விட்டது. மீதம் நின்ற இரண்டு திட்டுகளுக்கு ரெசின் ஊடுருவல்: ஆசிடால் திட்டின் மேல்தோலைத் திறந்து, தண்ணீர் போல் மெல்லிய ரெசினை உள்ளே இறக்கி, விளக்கால் இறுக்குவது. எனாமலில் ஒளி வளைவது போலவே ரெசினிலும் வளைவதால் திட்டு கண்ணுக்கு மறைந்துவிடும். அதுவும் ரெசின்தானே, ஜெல் நிறுத்தி இரண்டு வாரம் கழித்துத்தான் செய்தேன்.

அந்த இரண்டு வாரத்தைத்தான் கல்யாண வீடுகளுக்குப் புரியவைக்க முடிவதில்லை. முகூர்த்தத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது மணப்பெண்ணை அழைத்துக்கொண்டு வருவார்கள்: அட்டாச்மென்ட் எடுக்கணும், வெள்ளையாக்கணும், முன்பல் நுனி உடைஞ்சதை அடைக்கணும், பழைய கேப்பையும் மாத்தணும். பீங்கான் கேப் ஜெல்லுக்கு அசையாது. முதலில் பல்லை வெளுத்து, நிறம் நிலைத்த பிறகு அதற்குப் பொருத்தமாகக் கேப் செய்ய வேண்டும். அவசரத்தில் முதலில் கேப்பைச் செய்துவிட்டால் அப்புறம் எந்தப் பல்லும் அதனோடு சேராது. அடைப்பும் அப்படியே. பத்து நாளில் ஆகக்கூடியது அட்டாச்மென்ட் எடுப்பதும் ஸ்கேலிங்கும் மட்டுமே என்று சொல்வேன். நுனியை இப்போதைய நிறத்திலேயே அடைத்துவிட்டு, கல்யாணத்துக்குப் பிறகு வெளுத்து, திரும்ப அடைக்க இரண்டாம் செலவுக்குச் சம்மதித்தால் அதையும் செய்யலாம். சம்மதிக்கிறவர்களும் உண்டு. அலைனர் தொடங்கும் நாளிலேயே, "கல்யாணம் எப்போ?" என்று இப்போது கேட்டுவிடுகிறேன். சிரித்துக்கொண்டே, "அதெல்லாம் இன்னும் இல்லீங்க" என்பார்கள். இருந்தாலும் கடைசி ட்ரே தேதியிலிருந்து ஒன்றரை மாதம் தள்ளிச் சீட்டில் எழுதிக் கொடுப்பேன்.

வெளுத்த நிறம் அப்படியே நிற்காது, காபியும் வயதும் தம் வேலையைச் செய்யும். ஒன்றிரண்டு வருடம் கழித்து இரண்டு மூன்று ராத்திரி ஜெல் வைத்தால் திரும்ப ஏறிவிடும், ரீடெய்னர் பொருந்தினால். அங்கேதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். ரீடெய்னரை ஆறு மாதம் மாட்டிவிட்டு எங்கேயோ வைத்துவிடுவார்கள். ஜெல் ஆசை வரும்போது தேடி எடுத்தால் ஒரு பக்கம் ஏறாது. அழுத்தி ஏற்றினால் இடைவெளியில் ஜெல் ஒழுகி ஈறு வெந்துவிடும். அவர்களை ஜெல் வாங்காமல் நேரே வரச் சொல்வேன். கொஞ்சம்தான் நகர்ந்திருந்தால் புதிதாக ஸ்கேன் எடுத்து இரண்டு மூன்று அலைனரில் இழுத்துவிடலாம். நிறைய நகர்ந்திருந்தால் அட்டாச்மென்ட் மறுபடி ஒட்ட வேண்டியிருக்கும், ஜெல்லும் அதுவரை கடையிலேயே இருக்கும்.